கப்பல் வராத வருடங்களும் எங்கள் வளவும்

 

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். வீட்டுத்தோட்டம் பற்றியது. எப்படி நடுவது, எத்தனை அடி இடைவெளி விடுவது என்று சொல்ல நான் விவசாயப் போதனாசிரியர் இல்லை. வரலாறு படிப்பிக்கிறவன். இந்த நாட்டில் வளவு எப்போதெல்லாம் மக்களைக் காப்பாற்றியது, எப்போது காப்பாற்ற முடியாமல் போனது, அதற்கு என்ன காரணம் என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஒரு வளவை நல்லபடியாக வைத்திருப்பது எப்படி என்பதும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

*பெயர்கள் சொல்லும் கதை*

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் பாடம் வரும்போது பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுப்பேன். வீட்டு வளவிலும் குசினியிலும் இருக்கிற மரக்கறி, பழங்களின் பெயர்களை எழுதி வர வேண்டும். அடுத்த நாள் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று பிரிப்போம்.

அன்னாசி, பப்பாசி, கஜு. மூன்றும் அமெரிக்கக் கண்டத்துக்குரியவை. போர்த்துக்கேயர் வாயில் இருந்த பெயரோடே இங்கு வந்தன. கோவா என்பதும் போர்த்துக்கேயச் சொல்தான். போஞ்சி, ஒல்லாந்தர் அவரைக்குச் சொன்ன சொல்லின் திரிபு. உருளைக்கிழங்கைச் சிங்களத்தில் 'அர்த்தாபல்' என்கிறார்களே, அது ஒல்லாந்த மொழியில் 'மண் அப்பிள்'. இவ்வளவும் சொன்ன பிறகு, "குசினி என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்ததுதான்" என்றால் வகுப்பே சிரிக்கும்.

சுவாரசியமானது கொச்சிக்காயின் கதை. 1505க்கு முன்னர் இந்தத் தீவில் சமைத்த எந்தக் கறியிலும் கொச்சிக்காய் கிடையாது. உறைப்பு முழுவதும் மிளகிலிருந்துதான் வந்தது. புதிய காய் வந்ததும் தமிழில் மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றார்கள். சிங்களத்தில் 'மிரிஸ்' என்ற பெயரைப் புதியவன் எடுத்துக்கொண்டான். பழைய மிளகு 'கம்மிரிஸ்', அதாவது ஊர் மிரிஸ் ஆகிவிட்டது. நாங்கள் கொச்சிக்காய் என்கிறோம். அது கொச்சித் துறைமுகத்தைக் காட்டும் பெயர் என்பார்கள்.

மரவள்ளியின் கதை இன்னும் பிந்தியது. 1786இல் ஒல்லாந்த ஆளுநர் வன் டி கிராப் மொரிசியசிலிருந்து கொண்டுவந்ததாக விவசாய நூல்கள் சொல்கின்றன. இன்று மரவள்ளி இல்லாத கிராமம் எங்கே இருக்கிறது?

இதில் நான் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவது ஒன்றுதான். இந்தச் செடிகளைப் பரப்பியதில் பெரும்பங்கு வேலிக்குத்தான். ஒரு வீட்டில் காய்த்தது, வேலிக்கு மேலால் ஒரு தடியாகவோ ஒரு பிடி விதையாகவோ அடுத்த வீட்டுக்குப் போனது. சுற்றறிக்கைக்காக யாரும் காத்திருக்கவில்லை. நூறு, இருநூறு வருடங்களில் அந்நியச் செடிகள் எல்லாம் ஊர்ச்செடிகள் ஆகிவிட்டன.

*கைதி வாங்கிய காணி*

1660இல் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கில இளைஞர் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கண்டி மன்னனின் ஆட்களிடம் அகப்பட்டார். பத்தொன்பது வருடங்களுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்து, 1679இல் தப்பினார். 1681இல் லண்டனில் அவரது நூல் வெளிவந்தது. மலைநாட்டுச் சாதாரண சனங்களின் வாழ்க்கைக்கு இதுபோல இன்னொரு சாட்சி கிடைப்பது கஷ்டம்.

கைதி என்றாலும் அவர் சிறைக்கூட்டில் அடைபட்டுக் கிடக்கவில்லை. ஊருக்குள் நடமாடலாம், தொப்பி பின்னி விற்கலாம், நெல் கடன் கொடுக்கலாம். அப்படிச் சேர்த்த காசில் எலதெத்த என்ற ஊரில் ஒரு துண்டுக் காணி வாங்கினார். விலை 25 லாரின். லாரின் என்பது தூண்டில் போல வளைத்த வெள்ளிக் கம்பிக் காசு. பாரசீகத்தின் லார் நகரத்திலிருந்து பெயர் பெற்றது, இந்து சமுத்திர வணிகத்தில் எங்கும் புழங்கியது.

அந்தக் காணி நெடுநாள் ஆளில்லாமல் பற்றை பிடித்துக் கிடந்தது. வீடு இருந்த அடையாளமே இல்லை. ஆனால் உள்ளே எட்டுத் தென்னைகளும், நாட்டில் கிடைக்கிற பழ மரங்கள் எல்லாமும் நின்றன என்று நொக்ஸ் எழுதுகிறார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீடு அழிந்துவிட்டது, ஆட்கள் போய்விட்டார்கள். மரங்கள் மட்டும் அடுத்த ஆளுக்காக நின்றிருக்கின்றன.

பலாவைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பிஞ்சுக்கு ஒரு பெயர், முற்றிய காய்க்கு இன்னொரு பெயர், பழத்துக்கு வேறு பெயர். சனங்களின் சாப்பாட்டில் பெரும்பங்கு இதுதான் என்கிறார். பொலஸ், கொஸ், வரக்கா என்று இன்றும் அதே பெயர்கள்தான். மூன்றரை நூற்றாண்டில் ஒரு மரத்தின் பெயர்கூட மாறவில்லை.

எங்கள் சமூகத்துக்கும் இந்த மண்ணோடு இதே காலத்தில் ஒரு தொடர்பு உண்டு. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்தான். சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பதிவுகள் சொல்கின்றன. அதுவரை எங்களைக் கடலோடும் கடையோடும் மட்டும் சேர்த்துப் பார்த்தவர்கள் உண்டு. அதன் பிறகு கிழக்கிலே வயலும் வளவும் எங்கள் பிழைப்பானது. கண்டியைச் சுற்றிய முஸ்லிம் ஊர்களில் கராம்பும் சாதிக்காயும் மிளகும் வீட்டுக் கோடியிலேயே காய்த்தன.

*அடுக்கு அடுக்காக*

கண்டிப் பக்கத்துப் பழைய வளவு ஒன்றுக்குள் போனவர்களுக்குத் தெரியும். முதல் பார்வைக்குக் காடு போல இருக்கும். ஒழுங்கு இருப்பதாகத் தெரியாது. நின்று பார்த்தால்தான் விளங்கும். மேலே தென்னை, கித்துள், பலா. அதற்குக் கீழே கராம்பு, சாதிக்காய், கோப்பி, தோடை. மரங்களில் மிளகும் வெற்றிலையும் ஏறியிருக்கும். நிலத்தில் இஞ்சி, மஞ்சள், கிழங்கு, ஈரமான மூலையில் வல்லாரை. ஒன்று விட்ட வெயிலை மற்றது பிடிக்கிறது. ஒன்றின் வேர் மேலே, மற்றதன் வேர் ஆழத்தில். உதிர்ந்த இலை அப்படியே பசளை.

1980களில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் இதைப் பார்த்துவிட்டு 'கண்டித் தோட்டம்' என்று பெயர் வைத்துச் சஞ்சிகைகளில் எழுதினார்கள். எங்கள் உம்மும்மாமாரிடம் கேட்டால் "அதுக்கு என்ன பெயர், அது வளவுதானே" என்றிருப்பார்கள்.

இந்தக் கலப்பு ஏன் முக்கியம் என்பதற்கு எங்கள் வரலாற்றிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. ஆங்கிலேயர் கண்டி மலைகளைக் காடழித்துக் கோப்பி நட்டார்கள். மலைக்கு மலை, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே செடி. 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடியில் மஞ்சள் துருப்போல ஒரு நோய் காணப்பட்டது. அது ஒரு பங்கசு. இருபது வருடத்துக்குள் இலங்கையின் கோப்பித் தொழில் படுத்துவிட்டது. 1880இல் ஆராய்ச்சிக்கு வந்த ஹரி மார்ஷல் வோர்ட் என்ற இளம் விஞ்ஞானி, காற்று வித்துக்களைச் சுமந்து போகிறது, இடையில் வேறு மரங்கள் இல்லாமல் ஒரே செடியை இவ்வளவு பரப்பில் நட்டதால் நோய்க்குத் தடையே இல்லை என்பதை எடுத்துக் காட்டினார். தோட்டத்துரைமார் தேயிலைக்கு மாறினார்கள்.

உங்கள் வளவில் ஐந்து வரிசை கத்தரி மட்டும் நட்டால் வெள்ளை ஈ வந்ததும் ஐந்து வரிசையும் போகும். கத்தரிக்குப் பக்கத்தில் வெண்டி, அதற்குப் பக்கத்தில் பயிற்றை, இடையில் செவ்வந்தி, ஓரத்தில் கொச்சிக்காய் என்றிருந்தால் ஏதாவது ஒன்று தப்பும். கோப்பித் துரைமார் பெரிய விலை கொடுத்துப் படித்த பாடம் இது.

*பலா மாமா*

கோப்பிக்கும் தேயிலைக்கும் நாடு மாறியபோது இன்னொன்றும் நடந்தது. சோறு வெளியிலிருந்து வரத் தொடங்கியது. தேயிலை விற்ற காசுக்குப் பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அரிசி வாங்கினால் போதும் என்ற கணக்கு. கப்பல் வரும்வரை கணக்குச் சரிதான்.

அது ஒருநாள் வராமல் போகும் என்று முன்கூட்டியே யோசித்த ஒருவர் இருந்தார். பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வீ. டயஸ். மதுவொழிப்பு இயக்கத்தில் முன்னின்றவர். 1915 கலவரத்தின்போது ஆங்கிலேயர் இராணுவச் சட்டம் போட்டுப் பிடித்து அடைத்த சிங்களத் தலைவர்களில் ஒருவர். வெளியே வந்த பிறகு, நாட்டில் பஞ்சம் வந்தால் சனங்களைத் தாங்குவது பலாதான் என்று முடிவு செய்தார். ஊர் ஊராகப் பலா விதைகளைப் பகிர்ந்து நடச் செய்தார். அவரது இலக்கு பத்து இலட்சம் மரங்கள். சிங்கள மக்கள் அவரை 'கொஸ் மாமா' என்றே அழைத்தார்கள்.

1915ஐ எங்கள் வீடுகளில் வேறு விதமாகத்தான் நினைவு வைத்திருக்கிறோம். எரிந்த கடைகளும் உடைந்த பள்ளிவாசல்களும் எங்கள் பெரியவர்களின் கதைகளில் இருந்தன. அதை மறைத்து வரலாறு படிப்பிக்க முடியாது. ஆனால் இதையும் சேர்த்தே படிப்பிக்கிறேன். அந்த மனிதர் நட வைத்த பலா பிற்காலத்தில் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுக் காய்க்கவில்லை.

பலாவை அரசாங்கமும் பின்னர் மதித்தது. 1951இல் வந்த சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. வளவில் நிற்கும் சொந்த மரமாக இருந்தாலும் பிரதேச செயலகத்துக்குப் போகத்தான் வேண்டும். பலர் இதைத் தொல்லை என்று நினைக்கிறார்கள். அந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதற்கு அடுத்த பகுதியைப் பாருங்கள்.

*1942*

1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 5இல் கொழும்பில் குண்டு விழுந்தது, 9இல் திருகோணமலையில். அரிசி பங்கீட்டுக்கு வந்தது, கூப்பன் வந்தது. "கூடுதலாக உணவு பயிரிடுங்கள்" என்று அரசு சொல்லத் தொடங்கியது. பள்ளிக்கூட மைதானங்களிலும் கிழங்கு நட்டார்கள். கோதுமை மா பரவலாக வீட்டுக்குள் நுழைந்ததும் இந்தக் காலத்தில்தான். பாண் என்ற சொல்லைப் போர்த்துக்கேயர் தந்தார்கள், பாண் சாப்பிடும் பழக்கத்தை யுத்தம் தந்தது.

கூப்பன் அரிசி போதாத வீடுகளுக்குக் கைகொடுத்தது பலாவும் மரவள்ளியும் ஈரப்பலாவும்தான். அந்த வருடம் காய்த்த பலா அந்த வருடம் நட்டது இல்லை. விதையிலிருந்து வரும் பலா காய்க்க ஐந்து முதல் எட்டு வருடம் பிடிக்கும். 1942இல் சாப்பிட்டவர்கள் இருபது வருடங்களுக்கு முன்னர் யாரோ நட்டதைச் சாப்பிட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருவேன்.

*வளவு இல்லாதவர்கள்*

அடுத்தது எங்கள் பெற்றோர் சிறுவர்களாக இருந்த காலம். 1970களின் முதல் பாதி. உலகச் சந்தையில் உணவு விலை ஏறியது, எண்ணெய் விலை ஏறியது, நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. 1973இல் பங்கீட்டு அரிசி குறைக்கப்பட்டது. ஊருக்கு ஊர் அரிசி கொண்டு போகக் கட்டுப்பாடு, வழியில் சோதனை. வாரத்தில் இரண்டு நாள் ஹோட்டல்களில் சோறு கிடையாது. விடியுமுன் பாண் வரிசை.

மறுபக்கம், இறக்குமதி நின்றதால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர்கள் நல்ல விலை கண்டார்கள். ஊர் வளவுகளில் மரவள்ளி மூடுகள் பெருகின. மூடியைத் திறந்து வைத்து அவிக்க வேண்டும், இஞ்சியோடு சேர்க்கக் கூடாது என்ற எச்சரிக்கைகள் வாய்க்கு வாய் போயின. இஞ்சிக் கதை எவ்வளவு உண்மையோ, மரவள்ளியில் சயனைட்டை உண்டாக்கும் பொருள் இருப்பது உண்மை. திறந்த பானையில் நன்றாக அவித்தால் அது ஆவியாகிப் போகிறது. பசிக்காலத்துச் சனங்கள் இரசாயனமும் தெரிந்து வைத்திருந்தார்கள்.

இந்தக் கதையைப் பெருமையோடு சொல்லி முடித்துவிடுவது சுலபம். "அந்தக் காலத்தில் எல்லோரும் நட்டுச் சாப்பிட்டார்கள்" என்போம். எல்லோரும் இல்லை. அதே வருடங்களில் மலையகத் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் இறந்தார்கள். 1974இல் தோட்டப் பகுதிகளின் இறப்பு விகிதம் சடுதியாக உயர்ந்தது. அவர்கள் விவசாயம் தெரியாதவர்களா? நாட்டிலேயே மண்ணோடு அதிகம் பாடுபட்டவர்கள் அவர்கள்தான். ஆனால் இருந்தது லயத்தில் ஓர் அறை. வாசலுக்கு முன்னால் இரண்டடி நிலம். அதற்கப்பால் எல்லாம் தேயிலை, எல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம். பங்கீடு குறைந்தபோது விழுந்து பிடிக்க ஒரு பலாமரம்கூட அவர்கள் பெயரில் இருக்கவில்லை. பலர் வன்னிக்கு இடம்பெயர்ந்தார்கள்.

1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் மக்களும் வீட்டோடு கிணற்றையும் முருங்கையையும் தென்னையையும் விட்டுத்தான் வந்தார்கள். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் நடுவதற்கு இடம் எங்கே இருந்தது?

ஆகவே, வீட்டுத்தோட்டம் செய்யாதவரைச் சோம்பேறி என்று பேசுமுன் அவருக்குக் காணி இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

*வெள்ளிக்கிழமை லீவு*

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தது. எல்லாம் கடையில் கிடைத்தது. வளவு மெல்ல மெல்ல மறந்து போனது. 2011இல் 'திவி நெகும' என்று பத்து இலட்சம் வீட்டுத்தோட்டங்களுக்குத் திட்டம் வந்தது. விதைப் பக்கெட்டுகள் வீடு வீடாக வந்தன. அவற்றில் எத்தனை அடுத்த வருடமும் தோட்டமாக இருந்தன என்று உங்கள் ஊரைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும். 2020இல் மஞ்சள் இறக்குமதி நின்று விலை தலைக்கு மேல் போனபோது பூச்சட்டியிலும் மஞ்சள் நட்டோம்.

பிறகு 2021. இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே இரவில் போல நிறுத்தப்பட்டது, அதே வருடம் நவம்பரில் தடை நீக்கப்பட்டது. இடையில் பெரும்போக நெல் விளைச்சல் பலமாக விழுந்தது. சேதனப் பசளை கூடாத ஒன்று என்று இதற்கு அர்த்தம் இல்லை. மண்ணில் சேதனப் பொருள் சேர வருடங்கள் பிடிக்கும். பல தசாப்தம் யூரியாவுக்குப் பழகிய வயலை வர்த்தமானி அறிவித்தலால் மாற்ற முடியாது. அந்த வருடம் பசளைத் தடையை உணராத நிலம் ஒன்று இருந்தது என்றால் அது பழைய வளவுகள்தான். அங்கே இலை விழுந்து மண்ணாகும் வேலை ஐம்பது வருடமாக நடந்துகொண்டிருந்தது.

2022 உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஜூனில் அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது: அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த அரச ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு, வீட்டில் பயிர் செய்வதற்காக. எரிபொருள் இல்லாததும் ஒரு காரணம்.

அந்த வருடம் வகுப்பில் இடைவேளை மணி அடித்ததும் நான் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிகளைப் பார்ப்பேன். யார் வீட்டில் பழைய வளவு இருக்கிறது என்று பெட்டியைத் திறந்ததும் தெரிந்துவிடும். அவித்த பலாவும் தேங்காய்ப்பூவும், ஈரப்பலா, முருங்கைக்கீரைச் சுண்டல். சில பிள்ளைகள் பெட்டியைத் திறக்கவே மாட்டார்கள். தண்ணீர்க் குழாயடிக்குப் போய் வருவார்கள். அவர்களில் பலர் ஆறு பேர்ச், எட்டுப் பேர்ச் காணிக்காரர்கள், வாடகை வீட்டுக்காரர்கள். அவர்களின் தகப்பன்மார் சிலருக்கும் வெள்ளிக்கிழமை லீவு கிடைத்திருந்தது.

லீவு ஏன் போதவில்லை? கணக்குப் பாருங்கள். கீரை வெட்ட மூன்று, நான்கு வாரம். வெண்டி காய்க்க ஒன்றரை மாதம். பயிற்றைக்கு அதற்கும் சற்றுக் கூட. மரவள்ளி கிழங்கு வைக்க எட்டுப் பத்து மாதம். பலாவைச் சொல்லிவிட்டேன். பசியோ இன்றைக்கு. வளவு நெருக்கடியில் உதவும், ஆனால் நெருக்கடிக்கு முன்னரே அது அங்கே இருந்திருக்க வேண்டும். 1942லும் 1970களிலும் 2022லும் சனங்களைத் தாங்கியது அந்த வருடத்துத் திட்டங்களைவிட, முந்திய தலைமுறையின் பழக்கம்தான்.

*சரி, இப்போது என்ன செய்யலாம்?*

வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டவற்றைச் சொல்கிறேன். விவசாயம் தெரிந்தவர்கள் கருத்துப் பகுதியில் சேர்த்து எழுதுங்கள்.

1. முதலில் மண். நட முன்னரே மண்ணைச் சேர்க்கத் தொடங்குங்கள். சருகைக் கூட்டி எரிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டைக் கோது, மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் மண்ணுக்குப் போகட்டும். வேலிக்குச் சீமைக்கிளுவைத் தடி நட்டால் அது வேலியுமாகும். வெட்ட வெட்டத் தழைக்கும். அதன் இலையில் நைதரசன் அதிகம். கூட்டெருக் குவியலுக்குள்ளும் போடலாம், செடியின் அடியில் அப்படியே பரப்பியும் விடலாம். மண் வெயிலில் வெறுமனே கிடக்க விடாதீர்கள்.

2. கலந்து நடுங்கள். ஒரே மரக்கறியைப் பத்து மூடு நடுவதைவிடப் பத்து மரக்கறியை ஒவ்வொரு மூடு நடுவது வீட்டுக்கு உதவும். கோப்பித் துருவை மறக்காதீர்கள்.

3. மூன்று காலத்துக்கும் நடுங்கள். இந்த மாதத்துக்குக் கீரை. இந்த வருடத்துக்கு மரவள்ளி, வற்றாளை, வாழை. பேரப்பிள்ளைகளுக்குப் பலா. இடம் இல்லாதவர்கள் குறைந்தது ஒரு முருங்கைத் தடியும் ஒரு கறிவேப்பிலையும் வையுங்கள்.

4. விதை எடுத்து வையுங்கள். நல்ல மூட்டில் முதல் காய்களில் இரண்டை முற்றவிட்டு, காயவைத்து, சாம்பல் கலந்து போத்தலில் போடுங்கள். கடைப் பக்கெட்டில் கலப்பின விதை என்று இருந்தால் அதன் விதையிலிருந்து அதே மாதிரிச் செடி வராது, அதையும் கவனியுங்கள். எடுத்ததில் பாதியை வேலிக்கு மேலால் கொடுங்கள். போஞ்சியும் பப்பாசியும் எங்களிடம் அப்படித்தான் வந்து சேர்ந்தன.

5. தண்ணீர். பள்ளிவாசல் ஹவுழில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வுழூச் செய்கிறோம்? அந்தத் தண்ணீர் பெரும்பாலும் நேராகக் கானுக்குப் போகிறது. ஒரு குழாயைத் திருப்பிவிட்டால் பள்ளி வளவில் பத்து வாழை நிற்கும். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ சாப்பிட்டால் அது அவருக்குத் தர்மம் என்று ஹதீஸ் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஜமாஅத் நிர்வாகத்தினர் இதை யோசிக்கலாம்.

6. டெங்கு. சிரட்டை, யோகட் கோப்பை, பூச்சட்டித் தட்டு எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். நோய் வளர்க்கிற தோட்டத்தை நல்ல தோட்டம் என்று சொல்ல முடியாது. பீ.எச்.ஐ. வருமுன் நீங்களே வாரம் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

7. தினம் பத்து நிமிடம். வாரத்தில் ஒரு நாள் முழுக்க வேலை செய்வதைவிட இது பலன் தரும். புழுவை முதல் நாளே கண்டால் விரலால் எடுத்துவிடலாம், ஆறாம் நாள் கண்டால் கிருமிநாசினி தேடுவோம். சுபஹ் தொழுதுவிட்டு வளவைச் சுற்றி வருவது எங்கள் மூத்த பெண்களின் வழக்கமாக இருந்தது. வரலாற்றுப் புத்தகத்தில் அவர்கள் பெயர் இல்லை. ஆனால் நான் மேலே எழுதிய பாதி அவர்கள் கையால் நடந்தது.

குரங்குத் தொல்லையைச் சொல்லாமல் விட்டால் மலைநாட்டு நண்பர்கள் கோபிப்பார்கள். நட்டதை எல்லாம் அது கொண்டுபோகிறது என்பது உண்மைதான். 2025 மார்ச் 15 காலையில் ஐந்து நிமிடம் நாடு முழுவதும் வளவுகளில் குரங்கு, மயில், மலை அணில் எண்ணியது ஞாபகம் இருக்கும். முழுத் தீர்வு இன்னும் வரவில்லை. மண்ணுக்குள் விளைகிற இஞ்சி, மஞ்சள், கிழங்கு வகைகளைக் கூட்டி நடுவது ஓரளவுக்கு உதவும்.

இன்னொரு வேண்டுகோள். புது வீடு கட்டுகிறவர்கள் முற்றம் முழுவதையும் கொங்கிரீட்டாலும் இன்டர்லொக் கல்லாலும் மூடிவிடுகிறோம். துப்புரவாகத் தெரிகிறது, வாகனம் நிறுத்த வசதி, எல்லாம் சரி. மதிலோரம் மூன்றடியையாவது மண்ணாக விடுங்கள். காணியைப் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கும்போது நிற்கிற பலாவுக்கும் தென்னைக்கும் ஒரு வழி பார்த்துப் பிரியுங்கள். காணி இல்லாத மக்கள் எங்கள் ஊரிலேயே இருந்தால், பள்ளிவாசல் காணி, பாடசாலைக் காணி, சும்மா கிடக்கிற பொதுக் காணி ஆகியவற்றில் அவர்களுக்கு ஒரு பாத்தி கொடுக்க முடியுமா என்றும் பேசுவோம்.

வீட்டுத்தோட்டம் நாட்டின் உணவுப் பிரச்சினையைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நெல் வயலில்தான் விளைய வேண்டும், விவசாயிக்குப் பசளையும் தண்ணீரும் நியாயமான விலையும் கிடைக்க வேண்டும், அது அரசாங்கத்தின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஒரு விதைப் பக்கெட்டைக் கொடுத்து எங்கள் தலையில் போட விடவும் கூடாது. வளவு செய்வது, கப்பல் திரும்பி வரும்வரை பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டி வெறுமையாகாமல் பார்த்துக்கொள்வது. இந்த நாட்டில் அது மூன்று முறை நடந்ததை மேலே எழுதியிருக்கிறேன்.

மாரி மழை தொடங்குமுன் ஒரு குழி வெட்டி, சருகு போட்டு மூடி வையுங்கள். முதல் மழைக்கு ஒரு பலாக்கன்று. உங்கள் வளவில் நிற்கிற மிகப் பழைய மரம் எது, அதை யார் நட்டார்கள் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அடுத்த தவணை அந்தப் பாடம் வரும்போது என் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.